ஒன்பதாம் நம்பரைத் தூக்குவது

எங்கள் பக்கத்தில் பந்து ஆடத் தெரிந்தவன் பதினோரு பேர் இருந்தால் ஆட்டுவிக்கத் தெரிந்தவன் ஐந்நூறு பேர் இருப்பான். அந்த ஐந்நூறில் நானும் ஒருத்தன். என் காலில் பந்து பட்டுப் பதினெட்டு வருசம் ஆகிறது. ஆனாலும் யாரை எந்த நிமிசத்தில் வெளியே எடுக்கணும், யாரை உள்ளே விடணும் என்று பாதி உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். தொழில் விசைத்தறி ரிப்பேர். ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற ரோட்டில் ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்கிற தறி எங்கே நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

சாயங்காலம் ஆனால் ரோட்டோர டீக்கடைப் பெஞ்சு. எங்கள் அணிக்கு சஞ்சீவி எப்.சி. என்று பெயர். அந்த அணியைப் பற்றிப் பெஞ்சில் நடப்பதை விவாதம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்லலாம். என் இடது புருவத்தில் இருக்கிற தழும்பு, ஒரு கார்னர் கிக்கை யார் எடுத்திருக்க வேண்டும் என்பது பற்றியது. பெஞ்சுக் கூட்டாளி ஆல்வினுக்கு முன்பல் ஒன்று கிடையாது. கோல்கீப்பரை மாற்றினது சரிதான் என்று சொன்னதற்கு அவன் சித்தப்பா மகனே கழற்றிய பல் அது. டீக்கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கிளாஸ் உடைகிற சத்தம் கேட்டதும் 'சாலு, சாலு' என்று கையெடுத்துக் கும்பிடுவார். அவர் போதும் போதும் என்று கும்பிட்டு ஒருநாளும் நாங்கள் நிறுத்தியதில்லை.

பெஞ்சுக்கென்று ஒரு பாஷை உண்டு. ஆளை உள்ளே விடுவது எறக்குறது. வெளியே எடுப்பது தூக்குறது. 'மொதல்ல அவனத் தூக்குங்கய்யா' என்போம். 'தூக்கப் பயப்படுறவனெல்லாம் எதுக்குக் கோச்சா இருக்கான்' என்போம். டி.வி.யில் ஓடுகிற வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் பாதிப் பேரை இந்தப் பெஞ்சில் இருந்தபடியே தூக்கியிருக்கிறோம். அந்த வார்த்தைக்கு எங்கள் சீமையில் இன்னொரு அர்த்தம் இருப்பது எங்களுக்குத் தெரியாதா என்று கேட்டால், நன்றாகத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் வைத்துத் தூக்கிட்டாங்க, கோர்ட்டு வாசலில் வைத்துத் தூக்கிட்டாங்க என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு அதே வாயால்தான் சொல்வோம். கூசியதில்லை.

எங்கள் ஒன்பதாம் நம்பர் சூர்யபிரகாஷ். இருபத்திரண்டு வயசு. பந்து காலுக்கு வந்துவிட்டால் பெற்ற தாய் கேட்டாலும் கொடுக்க மாட்டான். ஆனால் கோல் போடுவான். போன வருசம் அரை இறுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் ஒருவனின் தாடையைப் பேர்த்து, ரெண்டு ஊரும் கம்பு எடுத்து, போலீஸ் வந்து, அந்த ஆட்டம் முடியாமலே போனது. இந்த வருசம் அதே அணியோடு இறுதி ஆட்டம். ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த அடுத்த ஞாயிறு, அவர்கள் ஊர் மைதானத்தில்.

கோச் தவசிமுத்து ஒரு மில்லில் பிட்டராக இருந்து நின்றவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அதோடு சரி, மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவராகவே டீக்கடைக்கு வந்தது எங்களுக்கே ஆச்சரியம். சூர்யாவின் வலது முழங்காலில் ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறதாம். மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார். அடுத்த மாதம் விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்குள் ஜவ்வு முழுசாகப் போய்விட்டால் பையனின் வாழ்க்கையே போச்சு. ஆட விடவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் இறக்காமல் விட்டால் பயல் கோபத்தில் வேறு அணிக்கு ஓடிப் போய் ஆடுவான். அதனால் முதல் பாதி ஆடட்டும், பிறகு எடுத்துவிடலாம் என்றார்.

ஆல்வின் விடவில்லை. கோல் போடுகிறவனை எடுத்துவிட்டு யாரை வைத்து ஜெயிப்பீர் என்று எகிறினான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் டீ கிளாஸை என் நெஞ்சில் எறிந்தான். சூடு தாங்காமல் நான் அவனைப் பெஞ்சோடு சேர்த்துத் தள்ளினேன். தவசிமுத்து நடுவில் புகுந்து ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஓர் அறை கொடுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம சூர்யாவத் தூக்குறேன். எடவேள முடிஞ்சு அஞ்சாவது நிமிசம். முடிவு பண்ணியாச்சு. அவன் காதுக்குப் போகப்பிடாது, அவன் வீட்டுக்கும் தெரியப்பிடாது. தெரிஞ்சா அவன் அண்ணன் சும்மா இருக்க மாட்டான்."

ஆல்வின் இந்தக் கடைசிப் பேச்சை மட்டும் போனில் பதிந்து வைத்துக்கொண்டான். ரசிகர்களிடம் போட்டுக் காட்டிக் கோச்சைக் கிழிக்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

சூர்யாவின் அண்ணன் இருளப்பசாமி. நாலு தறி வைத்திருக்கிறான். அவனும் பெண்டாட்டி முனீஸ்வரியும் காலை ஆறு மணியிலிருந்து அந்தத் தகரக் கொட்டகைக்குள்தான் கிடப்பார்கள். பஞ்சுத் தூசி தலையிலும் இமையிலும் படிந்து, முப்பத்தெட்டு வயசுக்காரன் கிழவன் மாதிரி இருப்பான். ஆடிக் காற்றில் கொட்டகைத் தகரம் அடித்துக்கொள்ளும், உள்ளே நாலு தறியும் அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. விழுந்த வார்த்தையை வைத்து மீதியை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். தறிக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

இருளப்பசாமிக்குப் பந்தும் தெரியாது, பெஞ்சும் தெரியாது. தம்பி ஆடுவதை ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. ஆனால் ஷூ வாங்கிக் கொடுப்பது அவன்தான். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் சுந்தரபாண்டியத்தில் இருந்தார்கள். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அவர்கள் அப்பாவை வரப்பில் வைத்து வெட்டினார்கள். இருளப்பசாமி அப்போது கான்சாபுரத்தில் நெல் அறுப்பில் இருந்தான். யாரோ போன் செய்து, 'உங்கப்பாவத் தூக்கிட்டாங்கப்பா' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று நினைத்து அவன் முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கே இல்லை. ஊருக்கு வந்தபோது வரப்பில் உடம்பு ஈ மொய்த்துக் கிடந்தது. அப்பா சாவதற்கு ரெண்டு நாள் முன்னால் ஒருத்தன் 'பெரியவரத் தூக்கப் போறாங்களாம்' என்று சாடையாகச் சொல்லியிருந்தான். தான் அதைக் காதில் வாங்கவில்லை என்பதுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது. குடித்தால் அதைத்தான் சொல்லி அழுவான். அந்த வருசமே பத்து வயசுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்துவிட்டான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தவசிமுத்துவின் மனைவி மகாலட்சுமிக்கும் பிறந்த ஊர் சுந்தரபாண்டியம்தான். வெட்டினவர்களுக்குத் தூரத்துச் சொந்தம். தவசிமுத்து அதைப் பொருட்படுத்தியதே இல்லை. இருளப்பசாமியும் வெளியே எதுவும் சொன்னதில்லை. ஆனால் கோச் தெருவில் வந்தால் அவன் எதிரே வர மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆல்வின் அந்தப் பதிவைப் போட்டான். போட்டது ரசிகர் குரூப்பில் இல்லை. எங்கள் தெருவில் பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். வந்தால் சொல்வதற்கென்று தெருப் பெண்கள் வைத்திருக்கிற குரூப்பில் போய் விழுந்துவிட்டது. அம்மாவுக்காக அவன் போனும் அந்தக் குரூப்பில் இருந்தது, கை தவறிவிட்டது. ரெண்டு நிமிசத்தில் தப்பைப் பார்த்து அழித்துவிட்டான். அந்த ரெண்டு நிமிசத்தில், தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்துக் குடத்தோடு போனை எடுத்தவள் முனீஸ்வரி ஒருத்திதான்.

அவள் கேட்டாள். புருசனைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தாள். மறுபடியும் கேட்கலாம் என்று அவன் கையை வைக்கும்போது 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்தது. நல்ல செய்தியை எவனாவது அழிப்பானா என்று இருளப்பசாமி கேட்டானாம்.

சூர்யாவுக்குப் போன் போட்டால் அணைத்துக் கிடந்தது. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாளே பையன்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் தங்க வைத்து, போனை எல்லாம் வாங்கிப் பையில் போட்டு வைத்துக்கொள்வது தவசிமுத்துவின் வழக்கம். இருளப்பசாமி கோச்சுக்கே போட்டான். தம்பியிடம் பேச வேண்டும் என்றான். ஆட்டம் முடிகிற வரைக்கும் யாரும் பேச முடியாது என்றார் அவர். பிறகு, முழங்காலை நினைத்துத்தான், சொன்னார்.

"சாயந்தரம் நீங்களே வந்து ஏத்திக்கிட்டுப் போங்க. பைக்கு ஆகாது, படுக்க வச்சுக் கொண்டுபோற மாதிரி ஒரு வண்டி கொண்டாங்க."

இருளப்பசாமி போனைக் கீழே வைத்தான். ஸ்டேஷனுக்குப் போவோம் என்று முனீஸ்வரி சொல்லிப் பார்த்தாள். அப்பா விசயத்தில் போய் என்ன கிடைத்தது என்றான். அவளுக்குள் மட்டும் எங்கோ ஒரு சந்தேகம் இருந்தது. சூர்யாவை அடித்துத் திருத்துவார், திட்டுவார், ஆனால் கோச் அப்படிப்பட்டவரா என்று. தெரிந்தவர் யாரையாவது கேட்டுவிட்டு முடிவு செய்வோம், அதுவரைக்கும் எங்கேயும் போகாதே என்று புருசனிடம் சத்தியம் வாங்கினாள். அந்த நேரம் பார்த்து, மூன்றாம் தறியின் பெல்ட்டைப் பார்க்க நான் போய்ச் சேர்ந்தேன்.

அடுப்பில் உளுந்தங்களி கிண்டியிருந்தாள். நல்லெண்ணெய் வாசம் கொட்டகை வரைக்கும் வந்தது. சூர்யாவின் காலுக்கு என்று ஒரு வாரமாகக் கிண்டுகிறாள். எனக்கு ஒரு உருண்டை வைத்துக் கொடுப்பாள், அன்றைக்குக் கொடுக்கவில்லை. நான் தறிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தறி ரெண்டும் ஓடின. அவள் குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கேன். நெசத்தச் சொல்லணும். சூர்யாவ இன்னைக்குத் தூக்கப் போறாகளாமே."

ஆல்வின் வாயில் எதுவும் தங்காது என்று தெரிந்ததுதான். வீடு வரைக்கும் வந்துவிட்டதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஸ்பேனரை வாயில் கவ்விக்கொண்டிருந்தவன் எடுத்துவிட்டுச் சொன்னேன்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அப்ப நெசந்தானா?"

"நெசந்தான் தாயி. கோச்சு முடிவு பண்ணிட்டாரு. அவரு பிடிச்ச பிடிய விடுற ஆளா?"

"உங்களுக்கெல்லாம் தெரியுமாண்ணே?"

"டீக்கடை பூராம் தெரியும். ரெண்டு நாளா அதான பேச்சு. பாதிப் பேரு தூக்கத்தான் வேணும்ங்கான், பாதிப் பேரு பாவம் விட்டுருவோம்ங்கான். அடிதடியே ஆகிப்போச்சு."

"நீங்க என்னண்ணே சொன்னீக?"

இதை எழுதும்போது என் கையை அடுப்பில் வைக்கலாம் போல இருக்கிறது.

"மனசு கேக்கலதான். ஆனா தூக்குறதுதான் எல்லாருக்கும் நல்லதுன்னு சொன்னேன். நீ அவன்ட்ட மூச்சு விட்டுறாத, என்ன? தெரிஞ்சா ரகளை பண்ணிருவான்."

அவள் தறிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வந்தது. கொழுந்தன் மேல் எவ்வளவு பிரியம் பார், ஒரு பாதி ஆட்டம் போகிறதற்கு இப்படி அழுகிறாளே என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது. எழுந்து மோட்டாரைப் போட்டேன். மூன்றாம் தறியும் சேர்ந்து ஓடத் தொடங்கியது. அவள் இன்னும் ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது, சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வேனுக்கு நேரமாகிவிட்டிருந்தது. சரி, சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ரெண்டு வேன், நாற்பது பைக் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். மைதானத்தில் நின்றால் கோபுரம் தெரியும். மலைப்பக்கமிருந்து காற்று புழுதியை அள்ளி அள்ளிக் கண்ணில் போட்டது. சுண்ணாம்புக் கோடு போடப் போட அழிந்துகொண்டே இருந்தது. பால்கோவாப் பொட்டலத்தோடு வந்தவர்களும், வேட்டியை மடித்துக் கட்டிக் கம்போடு வந்தவர்களும் கலந்து நின்றார்கள். எங்கள் பக்கத்துக்கும் அவர்கள் பக்கத்துக்கும் நடுவில் கயிறு. கயிற்றுக்கு ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஆள் அம்மாவையும் அக்காவையும் வாயில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் நாலு பேர் நிழலில் நின்றார்கள்.

ஆட்டம் ஆட்டமாக இல்லை. ஏழாவது நிமிசத்தில் எங்கள் கோல்கீப்பரின் விலாவில் ஒருத்தன் முட்டியைக் கொடுத்தான். அடுத்த பந்துக்கே எங்கள் ஆள் அவன் கணுக்காலில் ஷூவை இறக்கினான். இருபதாவது நிமிசத்தில் சூர்யா மூன்று பேரைத் தாண்டி ஒரு கோல் போட்டான். நாங்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே ஓடி, அடி வாங்கித் திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு அவனைத்தான் குறிவைத்தார்கள். போன வருசம் தாடை பேர்ந்தவன் அவனோடு ஒட்டிக்கொண்டே ஓடினான். பந்து எங்கேயோ இருக்கும், இவன் முழங்காலில் உதை விழும். ரெப்ரி விசிலை ஊத மறந்தவர் மாதிரி நின்றார். இடைவேளைக்கு ஒரு நிமிசம் இருக்கும்போது அவர்கள் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள்.

இடைவேளை முழுக்க எங்களுக்குள் சண்டை. இப்போதே தூக்கு என்று ஒரு கூட்டம், தூக்கினால் கோச்சைத் தூக்குவோம் என்று ஆல்வின் கூட்டம். அப்போதுதான் இருளப்பசாமியைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, கூட்டத்துக்குப் பின்னால், புழுதியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்றவர்கள் தூக்கு, தூக்கு என்று கத்துவதை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ரோட்டோரம் ஒரு லோடு ஆட்டோவை நிறுத்தி, அதில் பாய் விரித்து வைத்திருந்ததை நாங்கள் பிறகுதான் பார்த்தோம்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தம்பி ஆட்டத்தைப் பார்க்க ஒருவழியாக வந்துவிட்டானே என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வழி விடுங்கப்பா, சூர்யா அண்ணன் வந்துருக்காரு. முன்னாடி வா இருளப்பா, கோச்சுக்குப் பின்னால நின்னா நல்லாத் தெரியும்."

கூட்டம் வழி விட்டது. நானே கொண்டுபோய் நிறுத்தினேன். முதுகில் தட்டியிருந்தால் சட்டைக்குள் செருகியிருந்தது கையில் தட்டுப்பட்டிருக்கும். தோளில்தான் தட்டினேன்.

ரெண்டாவது பாதி தொடங்கியது. நாலாவது நிமிசம் சூர்யாவை மறுபடியும் சாய்த்தார்கள். எழுந்தான், நொண்டினான். தவசிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த பையன் ஒருத்தனை எழுந்திரு என்று சைகை செய்தார். ஆள் மாற்றுவதற்கு எங்களிடம் மிசின் கிடையாது. அட்டையில் நம்பர் எழுதிச் சாக்குப் பைக்குள் வைத்திருப்பார். பெஞ்சுக்குக் கீழே அந்தச் சாக்குப் பை கிடந்தது. அவர் குனிந்து பைக்குள் கையை விட்டார். விட்டபடியே, ரெப்ரிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"ஒம்பதத் தூக்குறேன்."

முதல் வெட்டு வலது தோளில் விழுந்தது. தறியில் நூல் இழுத்து ஓடுகிற நாடாக் கட்டை போய் மோதுகிற மாதிரி ஒரு சத்தம். அவர் என்ன என்று திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். ரெண்டாவது வெட்டு கழுத்தில். மூன்றாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினார். அட்டையோடு கை மணிக்கட்டில் தொங்கியது. நான் ரெண்டு அடி தூரத்தில் நின்றேன். என் முகத்தில் சூடாகத் தெறித்தது. நான் அசையவில்லை. ஐந்நூறு பேர் இருந்தோம், ஒருத்தனும் அசையவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். கயிற்றில் தட்டி விழுந்தவர்கள் மேல் மிதித்து ஓடினார்கள்.

இருளப்பசாமி ஓடவில்லை. அரிவாளைப் பிடித்தபடி மைதானத்துக்குள் நடந்து போய்த் தம்பியின் கையைப் பிடித்தான்.

"ஒன்னும் ஆகாதுலே. அண்ணன் வந்துட்டேன்ல. வண்டில ஏறு."

சூர்யா அண்ணன் முகத்தைப் பார்த்தான், அரிவாளைப் பார்த்தான், பெஞ்சுப் பக்கம் பார்த்தான். அண்ணனைத் தள்ளிவிட்டு நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். அட்டை மண்ணில் கிடந்தது. மேலே சிவப்பில் ஒன்பது. காற்று புரட்டிப் போட்டது, பின்பக்கம் பச்சையில் பதினாலு.

"இதுக்கா?" என்று சூர்யா கேட்டான். அண்ணனைக் கேட்டானா, என்னைக் கேட்டானா தெரியவில்லை. "கால் வலிக்குன்னு என்னைய மாத்துறதுக்கா?"

இருளப்பசாமி அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனால் அது என்னவென்று புரியவில்லை. போலீஸ்காரர்கள் பின்னாலிருந்து வந்து லத்தியால் முழங்காலில் அடித்தபோது மடங்கி உட்கார்ந்தான். அப்போதும் கண்ணை அட்டையிலிருந்து எடுக்கவில்லை. 'மாத்துறதா, மாத்துறதா' என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எங்கள் கூட்டத்தில் ஓடாமல் நின்ற சிலபேர் அவனைக் கீழே போட்டு மிதித்தார்கள். ஆல்வின்தான் எல்லோரையும் விட அதிகமாக மிதித்தான். போலீஸ் தடுத்ததால் உயிர் மிஞ்சியது.

முதலுதவிப் பெட்டியில் இருந்த கட்டுத்துணியை எல்லாம் எடுத்துக் கழுத்தில் சுற்றினேன். ஆறு சுருள். எங்கள் ரோட்டில் நெய்த துணிதான். சுற்றச் சுற்ற நனைந்து, கையில் கூழாகப் பிசுபிசுத்தது. தவசிமுத்து ஏதோ சொல்ல வாயை அசைத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. ரோட்டோரம் பாய் விரித்து நின்ற லோடு ஆட்டோவில்தான் ஏற்றினோம். தலை சூர்யாவின் மடியில் இருந்தது. மதுரை ரோட்டில் கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் போய்விட்டார்.

ஸ்டேஷனில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். வார்த்தையைச் சொன்னேன், தறிச் சத்தத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு முன்விரோதம் என்று ஒரே வார்த்தையில் எழுதிக்கொண்டார். சுந்தரபாண்டியம், தூரத்துச் சொந்தம் எல்லாம் சேர்ந்து அது பொருத்தமாகவும் இருந்தது. மகாலட்சுமியின் வீட்டுக்கு மூன்றாம் நாள் போனேன். என்னை உள்ளே விடவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

இருளப்பசாமி பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான். சூர்யா ஒருதடவை கூட மனுப் போட்டு அண்ணனைப் பார்க்கவில்லை. ஆள் எடுப்புக்கும் போகவில்லை. அண்ணன் நின்ற இடத்தில் இப்போது அவன் தறிக்கு நிற்கிறான், காலை ஆறு மணியிலிருந்து, அதே முழங்காலில். டீக்கடைப் பெஞ்சில் ரெண்டு மாதம் யாரும் பந்தைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் மாதம் டி.வி.யில் ஏதோ ஆட்டம் ஓடும்போது ஆல்வின் வாய் தவறி, 'இவனத் தூக்குடா' என்றுவிட்டான். நான் எழுந்து அவனை அடித்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. அதனால் என்னால் நிறுத்த முடியவில்லை. டீக்கடைக்காரர் சாலு சாலு என்று கும்பிட்டார். இன்னொரு பல்லும் போன பிறகுதான் கையை எடுத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் முனீஸ்வரி ஆள் விட்டாள், மூன்றாம் தறி மறுபடியும் நின்றுவிட்டது என்று. போகவே கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். சூர்யா என்னைப் பார்த்ததும் வெளியே போய்விட்டான். நான் வேலையை முடித்து எழுந்தபோது அவள் எதிரே நின்றாள்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க சொன்னதெல்லாம் பந்தாட்டத்தச் சொன்னீகளாக்கும்."

"ஆமா தாயி."

"அதுக்கு உங்களுக்கு வேற வார்த்தையே இல்லையாண்ணே?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பொறுமையாக, சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கடைசியா ஒன்னு கேட்டேன்ல, தலைய ஆட்டிட்டுப் போனீகளே. அது என்னன்னு கேட்டுச்சா?"

"கேக்கல தாயி. மிசின் ஓடுச்சு."

"எங்க வீட்டுக்காரர அனுப்பட்டுமாண்ணே, அவரு போனா தடுத்துறலாமாண்ணேன்னு கேட்டேன். நீங்க சரின்னு தலைய ஆட்டுனீக. நான் உள்ள போய், ரிப்பேர் அண்ணனே போகச் சொல்லிட்டாருன்னு சொல்லி அரிவாள எடுத்துக் கொடுத்தேன்."

சொல்லிவிட்டு அவள் போய் மோட்டாரைப் போட்டாள். தறி ஓடியது. பஞ்சுத் தூசி எழும்பியது. அவள் பாவு நூலைப் பார்த்தபடி இன்னும் ஏதோ சொன்னாள். உதடு மட்டும்தான் தெரிந்தது. நான் போய்ச் சுவிட்சை அணைத்தேன். பக்கத்துத் தறியையும், அதற்கு அடுத்ததையும், நாலையும் அணைத்தேன். கொட்டகையில் காற்று தகரத்தை அடிக்கிற சத்தம் மட்டும் இருந்தது.

"என்ன கேட்ட தாயி?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்னும் இல்லண்ணே. பெல்ட்டு இறுக்கமா இருக்கான்னு கேட்டேன்" என்றாள்.